ஏலமா, குறித்த விலையா: பழைய முத்திரைகளையும் நாணயங்களையும் இணையத்தில் விற்பவர்களுக்கு

மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில் மீனை ஏலங்கூறி விற்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: மீன் அன்றைக்கே விலைபோக வேண்டும், வாங்குபவர்கள் பலர் ஒரே நேரத்தில் அங்கே நிற்கிறார்கள். உங்கள் அலுமாரியில் இருக்கும் இலங்கை முத்திரையோ நாணயமோ அழுகிப்போவதில்லை. ஆகவே இரண்டாவது காரணத்தையே நீங்கள் பார்க்க வேண்டும்: அதே பொருளை அதே வாரத்தில் விரும்பக்கூடியவர் குறைந்தது இருவராவது இருக்கிறார்களா?

ஈபே ஏலத்தில் ஒவ்வொருவரும் தாம் தரக்கூடிய உச்சத் தொகையைப் பதிவு செய்கிறார். ஆனால் விலை, இரண்டாமவரின் உச்சத்தைச் சற்றுத் தாண்டும் அளவுக்கே ஏறும். ஒருவர் 50 டொலர் தர ஆயத்தமாக இருந்தாலும், எதிர்த்துக் கேட்பவர் இல்லையென்றால் நீங்கள் வைத்த தொடக்க விலைக்கே பொருள் போய்விடும். கல்முனைத் தபாலகத்தின் சீல் விழுந்த பழைய கடித உறையொன்றை நான் இப்படித்தான் மிகக் குறைந்த தொகைக்கு இழந்தேன். மட்டக்களப்பு, கல்முனை சீல்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் சிலரே. அவர்கள் எப்போது வருவார்கள் என்று சொல்லவும் முடியாது. 1978 நவம்பர் சூறாவளி எத்தனையோ வீடுகளின் கூரையைப் பிடுங்கிய ஊர்கள் இவை. அதற்கு முந்திய ஓர் உறை நல்ல நிலையில் உங்களிடம் இருந்தால், அதைப் பொறுமையாக விற்பதே தகும். அதற்கு உயர்வான விலையைக் குறித்து, பேரம் பேசும் வசதியையும் திறந்து வைத்துக் காத்திருங்கள்.

அடிக்கடி விற்கப்படும் பொருளுக்கும் குறித்த விலையே ஏற்றது. 1957ஆம் ஆண்டின் புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் நாணயம் 28.28 கிராம் எடையும் 92.5 வீத வெள்ளியும் கொண்டது. ஆகவே ஏறத்தாழ 26 கிராம் தூய வெள்ளியின் அன்றைய பெறுமதிக்குக் கீழே அதை விற்க வேண்டியதில்லை. அதற்கு மேல் எவ்வளவு கேட்கலாம் என்பதை, ஈபே தேடலில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் பயன்படுத்திப் பாருங்கள். விற்பவர்கள் கேட்கும் விலை வேறு, வாங்கியவர்கள் கொடுத்த விலை வேறு என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை.

ஏலம் பொருந்துவது, விலை தெரியாமல் ஆசை மட்டும் பலருக்கு இருக்கும் இடத்தில்: மேலச்சு (அச்சிட்ட முத்திரையின் மேல் பின்னர் அடித்த எழுத்து) தலைகீழாக விழுந்த முத்திரை, தாத்தா விட்டுச்சென்ற தகர டப்பாவில் கலந்து கிடக்கும் நாணயங்கள் போன்றவை. அப்போதும், அதற்கே விற்றுப்போனாலும் மனம் வருந்தாத தொகையைத் தொடக்க விலையாக வையுங்கள். வாங்குபவர்கள் பிரித்தானியாவில் இருந்தால், ஏழு நாள் ஏலம் அங்கே ஞாயிறு இரவு 8 மணியளவில் முடிவது நல்லது. அது நமக்குக் கோடையில் திங்கள் அதிகாலை 12.30, குளிர்காலத்தில் 1.30. ஏலம் தொடங்கிய நேரத்திலேயே முடியுமாதலால், தொடக்கத்தையும் அந்த நேரத்துக்கே குறிக்க வேண்டும்.

பேஸ்புக் குழுக்களில் கருத்துப் பகுதியிலேயே ஏலம் நடப்பதால், முடியும் நேரம், கடைசி நிமிடத்தில் யாராவது விலையை உயர்த்திக் கேட்டால் நேர நீடிப்பு உண்டா, தபால் செலவு யாருடையது ஆகியவற்றை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

ஒல்லாந்தர் காலத்துச் செப்புத் துட்டுகள் நம் பகுதியிலும் பலரிடம் இருக்கலாம். அவற்றை வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் ஏலமா விலையா என்பது பிறகு வரும் கேள்வி: 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட தொல்பொருளை உரிமப் பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. தொல்பொருள் திணைக்களத்தில் கேட்ட பின்னரே பட்டியலிடுங்கள்.

ஏலத்தில் ஒருவரும் கேட்காமல் பொருள் திரும்பினால், மறுநாளே விலையைக் குறைத்து மீண்டும் ஏலமிடாதீர்கள். படங்களைப் புதிதாக எடுத்து, உறையின் பின்புறத்தையும் காட்டி, குறித்த விலையில் சில மாதங்கள் விட்டுவையுங்கள். அதுவரை அதை வாவிக் காற்றின் ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.