திருவாதிரை நாளைக்கு வெடிக்காது: பெரிய நட்சத்திரங்களின் சாவு பற்றி நாம் விடுகிற தவறுகள்

மார்கழியில் கோயில்களில் திருவெம்பாவை ஓதத் தொடங்கினால், வட்ஸ்அப்பில் இன்னொன்றும் தொடங்கிவிடும்: "திருவாதிரை வெடிக்கப்போகிறது, வானத்தில் இரண்டு சூரியன் தெரியும்." 2019 கடைசியிலிருந்து 2020 தொடக்கம் வரை அந்த நட்சத்திரம் (ஆங்கிலத்தில் பெட்டல்ஜூஸ்) மங்கியது உண்மைதான். அது தானே கக்கிய தூசி முன்னால் வந்து மறைத்திருந்தது. இரண்டு சூரியன் கதைக்கு ஆதாரமே இல்லை. வெடித்தால் பாதி நிலவளவு வெளிச்சம் வரும், பகலிலும் ஒரு புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான்.

இதை மறுக்க வருபவர் விடுகிற பிழைதான் எனக்கு இன்னும் சுவாரசியம். "அது எப்போதோ வெடித்துவிட்டது, ஒளிதான் இன்னும் வந்து சேரவில்லை" என்பார். கேட்க நன்றாயிருக்கும், கணக்கில் நிற்காது. திருவாதிரைக்கும் நமக்கும் இடையே 500 முதல் 700 ஒளியாண்டு, அதாவது ஒளி வந்து சேர அத்தனை வருடம். அதன் மையத்தில் இப்போது எரிவது ஈலியம். இன்னும் ஓரிலட்சம் வருடம் வரை தாக்குப்பிடிக்கலாம் என்பது வானியலாளர் கணிப்பு. அந்த இலட்சத்தில், வெடிப்பு சரியாக இந்த அறுநூறு சொச்ச வருடத்துக்குள் விழுந்திருக்க நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புக்கூட இல்லை.

அடுத்தது உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் சொல்வது: பெரிய நட்சத்திரத்தில் எரிபொருள் கூட, ஆகவே ஆயுளும் கூட. நேர்மாறு. சூரியனுக்கு ஏறத்தாழ 1000 கோடி வருட ஆயுள். அதைப்போல் 25 மடங்கு திணிவுள்ள நட்சத்திரத்துக்கு ஒரு கோடிகூட இல்லை, 70 இலட்சத்துச் சொச்சம்தான். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்து ஜாம் போத்தல் விளக்கு கொஞ்ச மண்ணெண்ணெயில் இரவு முழுக்க எரிந்ததையும், பெற்றோமாக்ஸ் குடித்த எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. திணிவு கூடினால் ஈர்ப்பு மையத்தை இறுக்கும். இறுக்கம் வெப்பநிலையை ஏற்றும். வெப்பநிலை சற்று ஏறினாலே கரு இணைவின் (அணுக்கருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சக்தி தருவது; நட்சத்திரத்தில் 'எரிவது' இதுதான்) வேகம் எங்கேயோ போய்விடும்.

ஐதரசன் முடிந்ததும் நட்சத்திரம் செத்துவிடும் என்பதும் சரியல்ல. முடிவது மையத்து ஐதரசன் மட்டுமே. வெளியே நிறையக் கிடக்கும். மையம் சுருங்கிச் சூடேறி ஈலியத்தை எரிக்கும், பிறகு காபன், நியோன், ஒட்சிசன், சிலிக்கன். ஒவ்வொரு கட்டமும் முந்தியதைவிடக் குறுகியது. அதே 25 மடங்கு நட்சத்திரத்தில் ஈலியம் சில இலட்சம் வருடம் ஓடும், காபன் சில நூறு வருடம். கடைசிச் சிலிக்கன் ஏறக்குறைய ஒரே நாள்! உள்ளே உண்டாகும் சக்தியின் பெரும்பகுதியை நியூத்திரினோக்கள் (எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள்) வெளியே அள்ளிக்கொண்டு போவதால்தான் இந்த அவசரம். வெளி அடுக்குகளுக்கோ உள்ளே நடப்பது தெரியவே தெரியாது.

மையத்தில் இரும்பு சேர்ந்ததும் "இரும்பு எரிந்து வெடிக்கிறது" என்று எழுதுவோர் உண்டு. இரும்பை இணைத்தால் சக்தி வராது, செலவாகும். அதுதான் சிக்கலே. ஈர்ப்பை எதிர்த்து நிற்க ஒன்றுமில்லாமல், பூமியளவான மையம் ஒரு செக்கனுக்குள் சில பத்துக் கிலோமீற்றராக நொறுங்கி விழும். இப்படி விடுபடும் சக்தியில் 99 சதவீதம் நியூத்திரினோக்களோடு போய்விடும். நாம் வாய்பிளந்து பார்க்கும் வெளிச்சம் மிச்சத்திலும் ஒரு சிறு துண்டு.

இது வெறும் கோட்பாடு அல்ல. 1987 பெப்ரவரி 23ஆம் திகதி, நமது பால்வீதிக்குப் பக்கத்திலுள்ள சிறு விண்மீன் கூட்டமான பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்த ஒளி வந்து சேர்ந்தது. அதற்குச் சுமார் மூன்று மணித்தியாலம் முன்பே ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்று இடத்துக் கருவிகளிலும் சேர்த்து 25 அளவில் நியூத்திரினோக்கள் பதிவாகியிருந்தன. வெடித்தது நீல நட்சத்திரம். சிவந்து ஊதியவை மட்டுமே வெடிக்கும் என்ற எண்ணத்துக்கும் அத்தோடு அடி விழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் அந்த இடம் தென் அடிவானத்துக்கு மேல் 11 பாகை வரைதான் ஏறும். பண்ணைக் கடற்கரையில் நின்றிருந்தால் மாசி முன்னிரவில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகப் பட்டிருக்கலாம். போர் நடந்த அந்த வருடம் இங்கே வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் வேறு காரணத்துக்காகப் பார்த்தார்கள்.

கடைசியாக 1.4 என்ற இலக்கம். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது பத்தொன்பது வயதுப் பௌதிகவியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் போட்ட கணக்கிலிருந்து வளர்ந்த எல்லை இது. "சூரியனைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் வெடிக்கும்" என்று பாடக்குறிப்புகளில்கூட வந்துவிடுகிறது. அந்த எல்லை வெண்குள்ளனுக்கும் (எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தின் எஞ்சிய சிறிய, அடர்ந்த மையம்), அதைப்போலவே இலத்திரன் அமுக்கத்தில் நிற்கும் இரும்பு மையத்துக்கும் உரியது, முழு நட்சத்திரத்துக்கல்ல. பிறக்கும்போது ஐந்து மடங்குத் திணிவோடிருந்த நட்சத்திரமும் வெளி அடுக்குகளை உதறிவிட்டு அமைதியாக வெண்குள்ளனாக முடியும். மையம் நொறுங்கி வெடிப்பதற்குப் பிறப்பிலேயே எட்டு மடங்கு அளவில் வேண்டும். பிறகு எஞ்சுவது நியூத்திரன் நட்சத்திரமா கருந்துளையா என்பது மையத்தில் மிஞ்சும் திணிவைப் பொறுத்தது. விடைத்தாளில் இந்த இரண்டு திணிவையும் பிரித்து எழுதுங்கள்: பிறப்பில் இருந்தது வேறு, மையத்தில் மிஞ்சியது வேறு.