ஆராய்ச்சித் திட்டக் கணக்கு: பயன்பாட்டுச் சான்றிதழ் தயாரிப்பது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பி.காம். முடித்தவர்கள் ஆராய்ச்சி நிர்வாகத்துக்குள் நுழைய எளிய வாசல், திட்டக் கணக்கு. அதில் முதலில் கைவர வேண்டியது, வாங்கிய மானியம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ்; மத்திய அரசு நிதிக்கு அது ஜி.எஃப்.ஆர். (பொது நிதி விதிகள்) 12-ஏ படிவம்.

மார்ச் 31 தேதியிட்ட வங்கி அறிக்கையை வைத்துத் தொடங்குங்கள். போன வருட மீதி 1,20,000, வட்டி 8,400, இந்த வருட மானியம் 5,00,000 என்று வையுங்கள். வட்டியை அரசுக்குத் திருப்பிக் கட்டியாயிற்றா? அப்படியானால் அந்த 8,400-ஐக் கழித்துவிட வேண்டும்; கைவசம் 6,20,000. செலவு 5,90,000 என்றால் மீதி 30,000. வட்டியைக் கழிக்க மறந்தால் மீதி 38,400 என்று வரும். வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகாது. சான்றிதழ் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சில்லறை விஷயத்தால்தான்.

ஆர்டர் போட்டு இன்னும் பணம் தராத கருவி செலவில் சேராது; தனியாகக் காட்டுங்கள். கருவித் தலைப்பில், அதாவது கருவிக்கென ஒதுக்கிய தொகையில், மிச்சமிருக்கிறதே என்று ஆய்வு மாணவர் உதவித்தொகையை அதிலிருந்து கொடுக்காதீர்கள். நிதி தந்த நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது தணிக்கையில் செல்லாது.

சான்றிதழில் உங்கள் நிறுவனத்தின் நிதி அலுவலர், தலைவர் இருவர் கையெழுத்தும் தேவை. பைசுஅள்ளியில் உள்ள பெரியார் பல்கலைக்கழக மையம் போல, தலைமையிடம் சேலத்தில் இருந்தால் கோப்பு போய்வரும் நாளையும் கணக்கில் வையுங்கள். ரசீதுகளைத் தலைப்புவாரியாக, வவுச்சர் எண்ணோடு மாதாமாதம் கோத்துவிடுங்கள். ஏப்ரலில் தேட உட்கார்ந்தால் கிடைக்காது.