94-ஐத் தாண்டாத வேகம்

வீட்டு இணையத்தை 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாற்றிய பிறகும், கணினியில் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. ரவுட்டரை மீட்டமைத்தேன், லேன் டிரைவரைப் புதுப்பித்தேன், டிஎன்எஸ் முகவரியையும் மாற்றினேன். மூன்று நாட்கள் வீணாயின.

வேகம் ஏறி இறங்காமல் 94-லேயே நின்றதுதான் தடயம். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில், அதாவது கேபிள் வழி இணைப்பில், தரவுப் பொதிகளின் தலைப்புப் பகுதிகள் போக எஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். கணினியின் நெட்வொர்க் அடாப்டர் விவரத்திலும் இணைப்பு வேகம் 100/100 என்றே இருந்தது. கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்புக்குக் கேபிளின் 8 கம்பிகளும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும் என்பதால், மற்ற நான்கில் ஒன்று பழுதானாலும் இணைப்பு அறுபடாமல் வேகம் மட்டும் பெரும்பாலும் இறங்கிவிடும்.

கேபிளின் நுனியில் உள்ள ஆர்ஜே45 பிளக் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, பழுப்புக் கம்பி மட்டும் நுனிவரை எட்டாமல் பின்தங்கி நின்றது. முனையை வெட்டிவிட்டுப் புதியதைக் கிரிம்ப் செய்ததும் (கருவியால் அழுத்திப் பொருத்தியதும்) 1000/1000 என்று காட்டியது, நிம்மதியானேன்.