பழைய மூன்று ஃபேஸ் காடி லிஃப்டை வீட்டுக் கரண்டில் ஓட்டுவது

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர் மாதிரி ஊர்களில் ஒரு காடி (கார்) பட்டறையை மூடினால், காடியைத் தூக்கும் இரண்டு தூண் லிஃப்ட் மலிவாகக் கைக்கு வரும். மூன்று ஃபேஸுக்கு 400 வோல்ட் வேண்டும், வீட்டில் இருப்பது 230 வோல்ட் ஒரே ஃபேஸ். அதை ஓட்ட வழி உண்டு. எந்த வழி என்பதை மோட்டார் தகடுதான் சொல்லும். பணம் கொடுப்பதற்கு முன்பே எண்ணெய் அழுக்கைத் துடைத்துத் தகட்டைப் படியுங்கள்.

மோட்டார் காயில்களை இணைக்கும் முறை இரண்டு: டெல்டா (முக்கோணக் குறி), ஸ்டார் (ஒய் குறி). தகட்டில் முக்கோணக் குறியோடு 230, ஒய் குறியோடு 400 என்று இருந்தால் நல்ல காலம், டெல்டாவுக்கு மாற்றி 230இல் ஓட்டலாம். 400/690 என்று இருந்தாலோ, வெறும் 400 ஸ்டார் என்று இருந்து மூன்றே வயர் வெளியே வந்தாலோ அந்த மோட்டாரை அப்படியே 230 வோல்ட்டில் ஓட்டாதீர்கள். வோல்ட் குறைந்தால் திருகுவிசை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். மோட்டார் உறுமும், காடி எழும்பாது, காயில் கருகும்.

டெர்மினல் பெட்டியைத் திறந்தால் இரண்டு வரிசையில் ஆறு போல்ட்டுகள் தெரியும். ஒரே வரிசையில் மூன்று போல்ட்டையும் பித்தளைத் தகடு குறுக்கே இணைத்திருந்தால் அது ஸ்டார். அந்தத் தகடுகளைக் கழற்றி, மேல் போல்ட்டைக் கீழ் போல்ட்டோடு செங்குத்தாக மூன்று ஜோடியாக இணைத்தால் டெல்டா. நமக்கு வேண்டியது டெல்டா. பழைய மோட்டாராக இருந்தால் 500 வோல்ட் மெகரில் (கரண்ட் கசிவைச் சோதிக்கும் கருவி) காயிலுக்கும் உடலுக்கும் இடையே 1 மெகாஓமுக்கு மேல் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி இன்வெர்ட்டர் டிரைவ், அதாவது ஒரு ஃபேஸ் கரண்டை மூன்று ஃபேஸாக மாற்றி மோட்டாருக்குத் தரும் பெட்டி. ஒரு ஃபேஸ் 230 உள்ளே, மூன்று ஃபேஸ் 230 வெளியே தருவது எது என்று பார்த்து வாங்குங்கள். 2.2 கிலோவாட் மோட்டார் டெல்டாவில் 8, 9 ஆம்பியர் இழுக்கும், ஆனால் டிரைவ் வீட்டு லைனிலிருந்து முழுப் பாரத்தில் 24 ஆம்பியர் வரை இழுக்கலாம். இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. தனி 32 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அதிகமானால் விழும் சுவிட்ச்) போடுங்கள். டிபி பெட்டியிலிருந்து (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) 30 மீட்டர் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 8 வோல்ட் போய்விடும், 6 போட்டால் 5 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். தோட்டத்து வீடுகளில் லைன் நீளம் என்பதால் வோல்ட் முன்பே குறைந்திருக்கும், அதனால் 6 போடுவதே சரி. மின்சார நிறுவனமான தெனாகாவின் ஒரு ஃபேஸ் இணைப்பு 12 கேவிஏ வரைதான். ஏர்கானும் வாட்டர் ஹீட்டரும் ஓடும் நேரத்தில் லிஃப்டைத் தூக்காதீர்கள். டிபி வேலையை உரிமம் பெற்ற வயர்மேன் செய்யட்டும்.

லிஃப்டின் பழைய கன்ட்ரோல் பெட்டிதான் அதிகத் தலைவலி. அதில் இருக்கும் கான்டாக்டரை (மோட்டார் கரண்டைத் திறந்து மூடும் காந்த சுவிட்ச்) டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்கக் கூடாது. ஓடும்போது அது திறந்தால் டிரைவ் போய்விடும். மேல் பொத்தானையும் லிமிட் சுவிட்சையும் டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலுக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பெட்டியில் 400க்கு 24 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர் இருந்து, அதில் 230 கொடுத்தால் 14 வோல்ட்கூட வராது, லாக்கை விடுவிக்கும் காந்தமான சோலனாய்டு இழுக்காமல் நடுங்கும். 230/24 டிரான்ஸ்ஃபார்மர் மாற்றுங்கள். டிரைவில் 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட், டெல்டா ஆம்பியர், 1 முதல் 2 வினாடி ஏற்ற நேரம் (மோட்டார் முழு வேகத்துக்கு வர எடுக்கும் நேரம்) போதும். கியர் பம்ப் மெதுவாக ஓடினால் எண்ணெய் கசிந்து பாரம் ஏறாது, எனவே குறைந்த ஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். பம்ப் தலைகீழாகச் சுற்றினால் டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் பக்கத்தில் இரண்டு வயரை மாற்றுங்கள். டிரைவின் கவரைக் கழற்றுமுன் கரண்டை அணைத்து 10 நிமிடம் காத்திருங்கள், உள்ளே கெப்பாசிட்டர் சார்ஜ் நிற்கும்.

கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டு மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டும் வித்தை பெஞ்ச் கிரைண்டருக்குச் சரி. கிலோவாட்டுக்கு 70 மைக்ரோஃபாரட் கணக்கில் போட்டாலும் கிளம்பும் விசை மிகக் குறைவு, லிஃப்டுக்கு வேண்டாம்.

தகடு 400 மட்டும் காட்டினால் மோட்டாரை விட்டுவிட்டு மோட்டாரும் பம்பும் சேர்ந்த ஒரு ஃபேஸ் ஹைட்ராலிக் பவர் பேக்கையே மாற்றுங்கள். ஹோஸ் அளவும் பிரஷரும் பழையதோடு பொருந்த வேண்டும். எண்ணெய் பம்ப் இல்லாமல் திருகுத் தண்டால் தூக்கும் ஸ்க்ரூ லிஃப்டுக்கு இது பொருந்தாது.

டிரைவ் ஓடும்போது இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தால் பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். உயிரோடு விளையாடாதீர்கள். பெரும்பாலும் டிரைவின் ஃபில்டர் கசிவுதான் காரணம். டிரைவுக்கு ஏற்ற வகை இஎல்சிபியை வயர்மேனிடம் தனியாகப் போடச் சொல்லுங்கள். நம் ஊர் இடிக்கு சர்ஜ் அரெஸ்டரும், வேலை முடிந்ததும் அணைக்க ஐசொலேட்டரும் வேண்டும். பல்லியும் எறும்பும் போர்டில் போய் ஷார்ட் செய்யும், எனவே டிரைவை மூடிய பெட்டியில், காற்றுத் துளைக்கு வலை அடித்து வையுங்கள்.

சோதனைக்கு முதலில் வெறும் லிஃப்டை ஏற்றி இறக்கி, இரண்டு தூணிலும் லாக் விழும் சத்தம் ஒன்றாகக் கேட்கிறதா பாருங்கள். பிறகு ஒரு மைவி காடியை ஏற்றி, பாதி உயரத்தில் நிறுத்தி, மறுபடி மேல் பொத்தானை அழுத்துங்கள். முழுப் பாரத்தோடு பம்ப் கிளம்புவது அங்கேதான். ஓவர்கரண்ட் காட்டி டிரைவ் நின்றால் ஏற்ற நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், டார்க் பூஸ்டை (கிளம்பும்போது திருகுவிசையைக் கூட்டும் அமைப்பு) சற்று உயர்த்துங்கள். அப்போதும் நின்றால் டிரைவ் ஒரு அளவு சிறியது.