எம்பிரா பழகுகிறீர்களா? சோடா மூடியைக் கழற்றாதீர்கள்

எம்பிரா என்பது பலகையில் பொருத்திய இரும்பு நாக்குகளை விரல்களால் மீட்டும் கருவி. ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் வாசிக்கும் இதில் ஒரு பாட்டை முழுதாக வாசிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் ஒரே விரலோடு போராட்டம்.

எந்த வகை என்று கேட்டால், 'எம்பிரா ட்சவாட்சிமு'தான் என் தேர்வு. முன்னோர்களின் எம்பிரா என்று பொருள். இருபதுக்கு மேல் இரும்பு நாக்குகள் இருக்கும். சுருதி, ந்யாமரோப்பா என்ற சுருதியமைப்பாக இருக்கட்டும்.

1. வலது சுண்டுவிரலைப் பலகையின் கீழ் மூலைத் துளைக்குள் விடுங்கள். இடது கை ஓரத்தைப் பிடிக்கும், கட்டைவிரல் மட்டும் மேலே.

2. கட்டைவிரல்கள் நாக்கை மேலிருந்து கீழே அழுத்தும். வலது ஆள்காட்டி விரல் மட்டும் கீழிருந்து மேலே நிமிண்ட வேண்டும். நான் இங்கேதான் மாட்டிக்கொண்டேன். மணிக்கட்டோடு சேர்த்துத் தூக்கினேன். நகம் ஓரத்தில் பிளந்தது, சத்தமோ வரவில்லை. மணிக்கட்டை அசைக்காமல் விரலை மட்டும் மடக்கி, நகமும் சதையும் சேர்ந்து படும்படி உரசியதும் சரியானது. ஒரே நாக்கில் ஒரு வாரம், தினமும் பத்து நிமிடம் போதும்.

3. பலகையில் தொங்கும் சோடா மூடிகள் கரகரவென்று அதிரும். இரைச்சல் என்று நினைத்து நான் கழற்றினேன், ஓசை மொட்டையாகிவிட்டது. அந்த அதிர்வுக்குள்தான் கேட்பவர் காதில் புதுப்புது மெட்டுகள் எழுகின்றன. இரவு முழுக்க நடக்கும் பீரா சடங்கில் ஹோஷோ கிலுகிலுப்பையோடு எம்பிரா ஒலிக்கும். முன்னோரின் ஆவி ஒருவர்மேல் வந்து இறங்கியதும், தீராத நோய்க்கும் வீட்டுச் சண்டைக்கும் குடும்பத்தார் வழி கேட்பார்கள். இதைப் பேய் வழிபாடு என்று மிஷனரிகள் ஒதுக்கிய காலத்தில், பெண்கள் தொடக்கூடாது என்ற பேச்சையும் மீறி, 1960களில் ஸ்டெல்லா சிவேஷே கற்றுக்கொண்டார். பிறகு உலக மேடைகளுக்கு அதைக் கொண்டுபோனார். பாடகர் தாமஸ் மப்ஃபூமோ எம்பிரா மெட்டுகளை மின்கிதாருக்கு மாற்றி விடுதலைப் பாட்டாக்கினார். அங்கே அப்போதிருந்த வெள்ளையர் அரசு 1970களின் இறுதியில் அவரைச் சிறையில் அடைத்தது. அவர்களை நினைத்தாவது மூடிகளை விட்டுவையுங்கள்.

4. முதலில் குஷௌரா, அதாவது முன்வரி. 12 தட்டு கொண்ட நான்கு அடிகள். அதை போனில் பதிந்து ஓடவிட்டு, அதன்மேல் குட்சின்ஹிரா என்ற பின்வரியை வாசியுங்கள்.

5. கை பழகியபின் சுரைக்குடுக்கைக்குள் வைத்து ஒரு குச்சியால் இறுக்குங்கள். ஃபைபர் கிளாஸில் செய்ததும் உண்டு. எனக்குச் சுரைதான் பிடிக்கும்.

பின்சேர்க்கை: கட்டைவிரல்களால் மட்டும் வாசிக்கும் சிறிய கலிம்பாவில் பழகிவிட்டு வரலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கட்டைவிரல்களுக்கு உதவும். அந்த ஆள்காட்டி விரலுக்கு உதவாது. இரண்டாம் படியை முதலிலிருந்தே தொடங்குங்கள்.