டர்பனில் தமிழ் நற்செய்திப் பாடல் போட்டிக்குப் பாடகரைத் தயார்செய்வது எப்படி

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், மெரிபேங்க் சபைகளில் குரல்வளத்துக்குக் குறைவில்லை. ஞாயிறுதோறும் மைக் பிடித்துப் பாடிப் பழகிய பிள்ளைகள் சுருதியிலும் தாளத்திலும் அதிகம் தடுமாறுவதில்லை. தமிழ்ப் பாடல் போட்டியில் அவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது சொல்லில்தான். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பிறகு எத்தனையோ தலைமுறை கடந்துவிட்டது. வீட்டில் பேச்சு ஆங்கிலம். பாட்டு வரியையும் ஆங்கில எழுத்தில் பார்த்தே படிக்கிறார்கள். ஆகவே பயிற்சி நேரத்தில் பாதியைச் சொல்லுக்கென்றே ஒதுக்குங்கள். எட்டு வாரம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். நான்கு வாரத்துக்குக் குறைந்தால் புதுப்பாட்டு எடுக்காதீர்கள், ஏற்கெனவே மனப்பாடமாக உள்ளதையே மெருகேற்றுங்கள்.

முதலில் விதிமுறைத் தாளை வரிவரியாகப் படியுங்கள். பழைய பாடல் பாடலாமா, சொந்தப் பாடல்தான் வேண்டுமா. நேரக் கணக்கு முதல் இசையிலிருந்தா, முதல் சொல்லிலிருந்தா. மைனஸ் ஒன் டிராக் (குரல் இல்லாத பின்னணி இசைப்பதிவு) அனுமதியா. நடுவர்களுக்குப் பாடல் வரி எத்தனை பிரதி. இந்த நான்கில் எதுவும் தெளிவாக இல்லையென்றால் நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பித் தயாரானால் மேடையருகில் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

பாடல் தேர்வு

கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும்; அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கீபோர்டும் கிட்டாரும் துணைக்கு என்றால் சங்கராபரணம் சௌகரியம். அது மேற்கத்திய மேஜர் ஸ்கேல்தான், கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு) தானாக உட்காரும். மாயாமாளவகௌளை, ஆனந்தபைரவி போன்றவற்றில் கார்டைத் திணித்தால் ராகம் சிதையும். அவற்றுக்கு சா–பா சுருதியும் தபலாவும் போதும். குழுப்பாட்டில் ஜூலு பாடகர் குழுக்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் மூன்று குரலில் பிரிந்து பாட ஆசைப்படுவார்கள். அருமையான ஆசை, ஆனால் அதற்குச் சங்கராபரணப் பாட்டாகப் பாருங்கள். மற்ற ராகங்களில் ஒரே மெட்டை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் சேர்ந்து பாடுவது பாதுகாப்பு.

சுருதியைப் பதிவுநாடாவில் கேட்ட பாடகருடைய கட்டையில் (சுருதி உயரத்தில்) வைக்காதீர்கள். பாட்டின் உச்ச ஸ்வரத்தை உங்கள் பாடகர் தொடர்ந்து ஐந்துமுறை, கழுத்து நரம்பு புடைக்காமல், பாட முடிகிற கட்டையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அரைக்கட்டை இறக்குங்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டை, பெண்களுக்கு ஐந்து முதல் ஆறு கட்டைக்குள் வரும். குரல் உடைகிற வயதுப் பையன்களுக்கு வாரம் ஒருமுறை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

சொல்

இங்கேதான் நிறைய உழைப்பு. ஆங்கில எழுத்தில் எழுதிய தாளில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகத் தெரியும். ர, ற ஒன்று. ந, ன, ண ஒன்று. குறிலும் நெடிலும் ஒன்று. பாடகர் எதைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்? அந்தத் தாளையே நான்கு அடையாளங்களோடு மறுபடி எழுதுங்கள்: நெடில் வரும் இடமெல்லாம் மேலே கோடு, ழ-வுக்குச் சிவப்பு, ள, ண இரண்டுக்கும் நீலம், வல்லின ற-வுக்கு அடிக்கோடு. ஒற்று இரட்டிக்கும் இடத்தில் அந்த எழுத்தையும் இரண்டுமுறை எழுதுங்கள். இந்த ஒரு தாள் பத்து நாள் வாய்த்திருத்தத்தை மிச்சப்படுத்தும்.

நாக்கைக் கண்ணாடி முன் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ள-வுக்கு நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். ழ-வுக்கும் அதே வளைவு, ஆனால் தொடாது. காற்று இடைவெளியில் போகும். தொட்டுவிட்டால் ள ஆகிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் இவ்வளவு கறார்? நற்செய்திப் பாட்டில் வரும் சொற்களே அப்படி. ‘பலி’ என்றால் காணிக்கை, ‘பழி’ என்றால் குற்றச்சாட்டு. ‘மரித்தார்’ என்றால் இறந்தார், ‘மறித்தார்’ என்றால் வழியைத் தடுத்தார். ‘இரங்கினார்’ மனமுருகியது, ‘இறங்கினார்’ கீழே வந்தது. சிலுவைப் பாட்டிலும் கிறிஸ்துமஸ் பாட்டிலும் இரண்டும் அடுத்தடுத்து வரக்கூடும். ‘என்னை அழைத்தார்’ என்பதில் ‘ழை’ சோம்பி ‘ழி’ ஆனால் ‘என்னை அழித்தார்’. தமிழ் தெரிந்த நடுவர் அந்த இடத்தில் பேனாவை எடுத்துவிடுவார்.

அடுத்தது நீட்டல். பாடகருக்கு மெட்டில் ஓர் இடம் பிடித்துவிட்டால் அங்கே சங்கதி (மெட்டின் அலங்கார மாறுபாடு) போடத் தோன்றும். அது குறிலின்மேல் விழுந்தால் பொருள் மாறும். ‘கரம்’ நீண்டால் ‘காரம்’, ‘வரம்’ நீண்டால் ‘வாரம்’, ‘பரம்’ நீண்டால் ‘பாரம்’, ‘மனம்’ நீண்டால் ‘மானம்’. ‘உம் கரம் தாரும்’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். ‘க’-வில் நிற்காமல் ‘கரம்’ என்று மூன்று எழுத்தையும் சட்டென்று சொல்லி முடித்து, ‘தா’-வுக்கு வந்து அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் விரியலாம். மெட்டு விடாப்பிடியாக ‘கரம்’ என்ற சொல்லிலேயே நிற்கச் சொன்னால், முதல் எழுத்தைக் குறிலாகவே விட்டு, இறுதி ‘ம்’-மில் வாயை மூடி நிற்கலாம். ஒவ்வொரு சங்கதியும் எந்த எழுத்தில் விழுகிறது என்று தாளில் சிறு வட்டமிட்டு, வட்டம் குறிலில் இருந்தால் நகர்த்துங்கள்.

மூச்சும் அப்படித்தான். ‘என்னைக் கைவிட மாட்டார்’ என்ற வரியில் ‘கைவிட’ என்றதும் மூச்சு வாங்கினால் அந்த ஒரு விநாடிக்குப் பொருள் தலைகீழாகத் தொங்குகிறது. வரி முழுவதும் ஒரே மூச்சில் வரவில்லையென்றால் ‘என்னை’க்குப் பின் வாங்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்கும் இடத்தைச் சாய்கோட்டால் குறித்துவிட்டு, பிறகு அதை மாற்றவே மாற்றாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் மெட்டே வேண்டாம். ஆயாவோ தாத்தாவோ தமிழ் பேசுகிறவர்கள் வீட்டில் இருந்தால், பாடகர் வரிகளை அவர்களிடம் பேச்சாகச் சொல்லிக் காட்டட்டும். எல்லாச் சொல்லுக்கும் அவர்கள் பொருள் சொல்ல முடிந்தால் உச்சரிப்பு தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பாடகருக்கும் ஒவ்வொரு சொல்லின் பொருளும் தெரிந்திருக்க வேண்டும். பொருள் தெரிந்து பாடும்போது முகபாவத்தைத் தனியாகக் கற்பிக்கத் தேவையில்லை.

நேரக் கணக்கு

நான்கு நிமிட வரம்பு என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 80 தாள அடி வேகத்தில், நான்கடிப் பாட்டில் ஒரு பார் (நான்கடிச் சுற்று) 3 விநாடி. முன்னிசை 4 பார், பல்லவி இருமுறை 16, முதல் சரணம் 16, பல்லவி 8, இரண்டாம் சரணம் 16, பல்லவி 8, முடிப்பு 2. மொத்தம் 70 பார், 210 விநாடி, மூன்றரை நிமிடம். மீதி அரை நிமிடத்தை நிரப்பாதீர்கள். தொகையறா (தாளமின்றிப் பாடும் முன்வரிகள்) சேர்த்தாலோ கடைசிப் பல்லவியை இழுத்தாலோ அந்த இடம் தேவைப்படும். டிராக் இல்லாமல் நேரடி இசையென்றால் பதற்றத்தில் வேகம் ஏறும். 80 என்று தொடங்கியது 90-ஐ எட்டும்போது குறில் நெடில் எல்லாம் ஒன்றாகிவிடும். டிரம்ஸ் வாசிப்பவர் காதில் மெட்ரோனோம் இருக்கட்டும்.

கரீபியத் தாளத்தில் சொந்தப் பாட்டு

சொந்தப் பாடல் பிரிவுக்கு இளைஞர்கள் ஜமைக்காவின் ரெக்கே தாளத்தை விரும்புகிறார்கள். காரணம் இருக்கிறது: ஜமைக்கா கலாசார மேம்பாட்டு ஆணையம் நடத்தும் நற்செய்திப் பாடல் போட்டிக்குப் போட்டியாளர்கள் புத்தம்புதுப் பாடலோடுதான் வருகிறார்கள். டிரினிடாடில் அந்நாட்டுப் பாட்டு வகையான கலிப்சோவில் நற்செய்தி பாடுவதற்குக் காஸ்பலிப்சோ என்று தனிப்பெயரே உண்டு. அந்தத் தாளத்தைத் தமிழுக்குக் கொண்டுவருவது முடியாத காரியமல்ல, ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது.

ரெக்கேயின் ஒன் டிராப் என்ற டிரம்ஸ் முறையில் முதல் அடி காலி. பேஸ் டிரம்மும் ஸ்னேரும் சேர்ந்து விழுவது மூன்றாம் அடியில்; கிட்டார் வெட்டு இரண்டிலும் நான்கிலும். நமக்கோ சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) அழுத்தம் விழுந்து பழக்கம். டிரம்ஸின் மூன்றாம் அடியைச் சமம் என்று நினைத்துப் பாடகர் அங்கே பல்லவியை எடுத்துவிடுவார். பிறகு பாட்டு முழுக்க இரண்டடி தள்ளியே ஓடும். திருத்தம் இதுதான்: முதல் அடியில் பாடகர் தொடையில் தட்டட்டும், மூன்றாம் அடியில் இன்னொருவர் கைதட்டட்டும். வெறும் வரியை இப்படி இருபது நிமிடம் சொன்னபின் தொடைத் தட்டலை நிறுத்தி, மனத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதும்போதே முதல் அடியில் நெடிலோடு தொடங்கும் சொல்லை வையுங்கள்: ‘வாழ்வு’, ‘தேவன்’, ‘நாதா’. டிரம்ஸ் விட்ட வெற்றிடத்தைக் குரல் நிரப்பும். எதுகை மோனையையும் விடாதீர்கள். மெட்டு அந்நியமாக இருக்கும்போது காதுக்குப் பிடிமானம் அதுதான்.

உரிமை விஷயம் சுருக்கமாக. தென்னாப்பிரிக்காவில் 1978ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி பாட்டை எழுதியோ பதிவுசெய்தோ வைத்தாலே உரிமை உண்டு. தனியாகப் பதியத் தேவையில்லை. தேதியிட்ட பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். வரி ஒருவர், மெட்டு ஒருவர் என்றால் பங்கை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள், அண்ணன் தம்பியாக இருந்தாலும். இந்தச் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை நீடிக்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறைந்தவர். அவர் காலத்துக் கீர்த்தனைகளுக்குப் புது இசையமைப்பு செய்வதில் தடையில்லை. சென்ற வருடம் யூடியூபில் வந்த பாட்டுக்கு இது பொருந்தாது.

மைக், டிராக், மேடை

மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் பரவலாக உண்டு. பொத்தினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கி ஊளையிடும், சொல்லும் மங்கும். கைப்பிடியின் நடுவில் பிடித்து, உதட்டிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரம். உச்சத்தில் ஒரு சாண் விலக்கி, இறங்கும்போது மீண்டும் அருகில். ‘ப’ வெடித்தால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்க்கவும்.

டிராக்கை வேவ் கோப்பாக இரண்டு யுஎஸ்பியில் போட்டு, ஒன்றை வேறொருவர் பையில் வையுங்கள். கோப்பின் பெயர் போட்டியாளர் எண்ணும் பாட்டின் பெயரும்; அதில் வேறு எந்தக் கோப்பும் வேண்டாம். மின்வெட்டுக் காலத்தை இந்த நாடு மறக்கவில்லை. ஆகவே பேட்டரியில் ஓடும் சிறு சுருதிப்பெட்டி ஒன்று கையில் இருக்கட்டும். தபலா கொண்டுபோனால் கடற்கரை ஈரப்பதத்தில் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். அரங்கில் அரைமணி நேரம் வைத்தபின்பே சுருதி கூட்டுங்கள்.

டர்பன் பாடகர் ஜோஹன்னஸ்பர்க்கில், லெனேசியா பக்கம் போட்டிக்குப் போனால் இன்னொன்று கவனிக்க வேண்டும். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். ஜூன் ஜூலையில் காற்றும் வறண்டிருக்கும். டர்பனில் ஒரே மூச்சில் வந்த வரி அங்கே பாதியில் நிற்கும். முதல் நாளே போய்ச் சேருங்கள், அடிக்கடி தண்ணீர் குடிக்கட்டும், நீளமான வரிகளுக்கு இரண்டாவது மூச்சிடத்தைக் குறித்து வீட்டிலேயே பழகிவிடுங்கள். காரில் ஹீட்டர் நேராக முகத்தில் அடிக்க வேண்டாம்.

மேடையேறும் முன் இருபது நிமிடம் குரலைச் சூடாக்கினால் போதும்: உதடு அதிர்வு, சா–பா–சா, பிறகு பல்லவி ஒருமுறை அரைக்குரலில். உச்சஸ்தாயியை வெளியே பாடித் தீர்த்துவிட வேண்டாம். ஏறியதும் முன்னிசை நான்கு பாரில் நடுவர்களைப் பார்க்காமல் அடியை எண்ணட்டும். நடுவில் டிராக் நின்றுபோனால் பாடகர் நிற்கக் கூடாது. கையில் தாளம் போட்டபடி அதே சுருதியில் தொடரட்டும். டிராக் திரும்ப வந்தால் அதைத் துரத்திப் பிடிக்காமல், கையசைத்து அதை நிறுத்தச் சொல்லிவிட்டு முடிவுவரை வெறுங்குரலில் பாடட்டும். இதையும் பயிற்சியில் இரண்டுமுறை, முன்னறிவிப்பின்றி டிராக்கை நிறுத்திப் பழக்கிவையுங்கள்.