நெட் அறுந்தாலும் ஓடும் சாட்: சொந்த சர்வரில் அமைக்கும் முறை

மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் நண்டும் கணவாயும் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் கம்பெனிக்கு இரண்டு வகைப் பேச்சு வேண்டும். வெப்சைட்டுக்கு வருகிறவரோடு ஒன்று, எடைக் கொட்டகைக்கும் ஆபீசுக்கும் நடுவே இன்னொன்று. சொந்த சர்வரில் நிறுவக்கூடிய சாட் மென்பொருளான ராக்கெட் சாட் இரண்டுக்கும் ஆகும். அதை கிளவுடில் வைத்தால், ஐப்பசி கார்த்திகைக் காற்றில் ஃபைபர் அறுந்ததும் கொட்டகைப் பேச்சும் நின்றுவிடும். சர்வர் வளாகத்துக்குள்தான் இருக்க வேண்டும்.

முப்பது, நாற்பது பேருக்கு 4 கோர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். பழைய கம்ப்யூட்டரை எடுப்பதாக இருந்தால் பிராசஸரில் ஏவிஎக்ஸ் (ஒருவகைக் கணக்கீட்டுக் கட்டளைத் தொகுதி) வசதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராக்கெட் சாட் பயன்படுத்தும் டேட்டாபேஸான மோங்கோடிபி, 5-ஆம் பதிப்பு முதல் அது இல்லாமல் தொடங்காது. யூபிஎஸ்ஸில் சர்வரோடு சுவிட்சையும் வைஃபையையும் சேர்த்து மாட்டுங்கள். கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை வேண்டாம். உப்புக்காற்றில் லேன் முனைகள் பச்சை பூத்துவிடும். கொட்டகை 100 மீட்டரைத் தாண்டினால் லேன் கேபிள் உதவாது, ஃபைபர் இழுங்கள்.

டாக்கரில் (மென்பொருளைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) மோங்கோடிபி, ராக்கெட் சாட் இரண்டையும் ஏற்றுங்கள். மோங்கோ ஒன்றே ஒன்றுதான் என்றாலும் அதை ரெப்ளிகா செட்டாக, அதாவது நகல்கள் சேர்ந்து ஓடும் அமைப்பாகத் தொடங்க வேண்டும். அதில் ஐபி எண்ணைக் கொடுக்காமல் கன்டெய்னர் பெயரைக் கொடுங்கள். ரீஸ்டார்ட்டில் எண் மாறினால் சாட் எழுந்திருக்காது. முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், அவற்றை ராக்கெட் சாட்டின் 3000 போர்ட்டுக்கு அனுப்பும்போது எச்டிடிபி 1.1-ஐயும் அப்கிரேட், கனெக்‌ஷன் ஹெடர்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இவை விடுபட்டால் வெப்சாக்கெட் (செய்திகள் உடனுக்குடன் வரும் தொடர் இணைப்பு) திறக்காது. என்ஜின்எக்ஸின் ரீட் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) இயல்பில் 60 நொடிதான். சும்மா இருக்கும் இணைப்பு துண்டிக்கப்படாமல் இருக்க அதைக் கூட்டிவையுங்கள்.

பலர் சறுக்குவது முகவரியில். சிஜிநாட் (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும் முறை) லைனில் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. உங்கள் ரவுட்டரின் வான் (நெட் பக்க) ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் அதுதான் நிலைமை. பொது ஐபி உள்ள சிறிய விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்று எடுத்து, ஆபீஸ் சர்வரிலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற விபிஎன் டனல் போடுங்கள், இணைப்பை உயிரோடு வைக்கும் கீப்அலைவ் 25 நொடி. விபிஎஸ் 443 போர்ட்டை அப்படியே டனலுக்குள் தள்ளினால் போதும். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் ஆபீசிலேயே இருக்கட்டும். இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும் சேவை) முறையில் எடுங்கள். புதுப்பித்ததும் என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகும்படி வையுங்கள், இல்லையேல் பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

சாட்டுக்கு வைத்த டொமைன் பெயர் வெளியே விபிஎஸ்ஸைக் காட்டும். உள்ளே அதே பெயர் சர்வரின் உள் ஐபியைக் காட்ட வேண்டும். வளாகத்து டிஎன்எஸ்ஸில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. இது இல்லாவிட்டால் சர்வரை உள்ளே வைத்ததே வீண். போனில் பிரைவேட் டிஎன்எஸ் போட்டிருந்தால் இந்த வரி எட்டாது, அதை அணைக்கச் சொல்லுங்கள். நெட் இல்லாத வைஃபையை விட்டு ஆண்ட்ராய்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும். இணைப்பிலேயே இருக்கலாமா என்று கேட்கும்போது ஆம் என்று கொடுக்க ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொடுங்கள்.

வருகிறவர் பேசும் பெட்டிக்கான லைவ்சாட் கோட் துண்டை வெப்சைட்டின் பாடி டேக் முடிவுக்கு முன் ஒட்டுங்கள். பெட்டி தெரியவில்லை என்றால் முதலில் வெப்சைட்டின் சிஎஸ்பி விதியில் (எந்த முகவரிகளிலிருந்து கோட் ஏற்றலாம் என்ற பட்டியல்) சாட் முகவரி உள்ளதா என்று பாருங்கள். ஃபைபர் அறுந்த நாளில் பெட்டி வராது, எனவே பக்கத்தில் போன் நம்பரும் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஃபைபரைக் கழற்றிவிட்டு, கொட்டகையிலிருந்து ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். தினமும் மோங்கோடம்ப் (டேட்டாபேஸ் பேக்கப்) எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். அப்கிரேடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒதுக்குங்கள். மோங்கோவை 5-லிருந்து 6, பிறகு 7 என்று படிப்படியாகத்தான் ஏற்ற முடியும்.